தன்மை, முன்னிலை, படர்க்கை

திருவொற்றியூர்க் கோயிலில் மாலைப் பூசை முடிந்து ஓதுவார் அப்பரின் முதல் பதிகத்தை எடுத்தால், என் வலது கை தானாக அடிவயிற்றுக்குப் போய்விடும். நாற்பத்தெட்டு வயதாகிறது. இன்னும் போகிறது.

அந்தப் பதிகம் எனக்கு மருந்தாகத்தான் அறிமுகம். 1992-இல், பதினைந்து வயதில். வயிற்று நோய் கண்டவர்கள் அதைப் பாராயணம் செய்வது சைவக் குடும்பங்களில் வழக்கம். காலடிப்பேட்டை வீட்டில் மாதம் மூன்று நாள் எனக்குப் பின்கட்டில் ஒரு கோரைப்பாய், ஒரு தட்டு, ஒரு சொம்பு. பெருங்காயம் கரைத்த மோர், ஊறவைத்த வெந்தயம், தோசைக்கல்லில் சூடாக்கிய துணி என்று அம்மா தெரிந்ததையெல்லாம் செய்து பார்ப்பார். எதற்கும் அடங்காத அன்று நடையில் நின்றபடி பதிகத்தைச் சொல்வார். நான் காதால் கேட்கலாம். தீட்டு என்பதால் வாயால் சொல்லக் கூடாது. வலி எனக்கு, பாட்டு அம்மாவுக்கு. பாயில் சுருண்டு கிடந்தபடி, இதைப் பாடியவருக்கு எங்கே வலித்தது, எப்படி வலித்தது என்று யோசிப்பேன்.

இருபத்து மூன்று ஆண்டுகளாகத் தமிழாசிரியராக இருக்கிறேன். மருள்நீக்கியார் அப்பரான கதையை எத்தனை வகுப்புகளுக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. திருவாமூரில் பிறந்து, சமண சமயத்தில் சேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு பாடலிபுரத்துப் பள்ளியில் தலைமை பெற்று இருந்தவருக்கு ஒருநாள் சூலை நோய் வருகிறது. உடனிருந்த துறவிகள் மந்திரம் ஓதுகிறார்கள், மயிற்பீலியால் தடவுகிறார்கள், குண்டிகை நீரைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். வலி ஏறுகிறதே தவிர இறங்கவில்லை. அவர்கள் கைவிட்ட பிறகு, தமக்குச் சமைத்துப் போடுகிறவனைத் திருவதிகையில் இருக்கும் அக்கா திலகவதியாரிடம் அனுப்புகிறார். அந்த இடத்துக்கு நான் வரமாட்டேன் என்று அக்கா சொல்லியனுப்ப, தம்பி இரவோடிரவாக வெள்ளைத் துணி உடுத்திக்கொண்டு அக்காவிடம் போய் விழுகிறார். அவர் திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப் போகிறார். பதிகம் பிறக்கிறது. வலி போகிறது.

இந்தக் கதையில் ஓர் இடத்தை நான் வெகுகாலம் பார்க்காமலே கடந்திருக்கிறேன். அவர் வலிக்கிறது என்று சொன்னதும் எல்லாரும் நம்பினார்கள். சமணத் துறவிகள் நம்பினார்கள், சமையல்காரன் நம்பினான், அக்கா நம்பினார். அவர்களில் ஒருவர்கூட, எல்லாருக்கும் வருவதுதானே, பொறுத்துக்கொள் என்று சொன்னதாகப் பெரியபுராணத்தில் சேக்கிழார் எழுதவில்லை.

என்னிடம் சொன்னவர்களை எண்ணினால் இரண்டு கை விரல் போதாது. பள்ளியில் விளையாட்டு டீச்சர் சொன்னார். கல்லூரியில் விடுதித் தோழி சொன்னாள். எங்கள் தெரு மருந்துக்கடை அண்ணன், நான் வாய் திறப்பதற்கு முன்பே மாத்திரை அட்டையை எடுத்து வைத்துவிட்டுச் சொல்வார். கல்யாணம் ஆனால் சரியாகும் என்றார்கள். ஆனது, 2000-இல். ஒரு பிள்ளை பெற்றால் சரியாகும் என்றார்கள். பிள்ளை பிறக்கவில்லை. பிறகு வலியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, பிள்ளையைப் பற்றி மட்டும் கேட்டார்கள். ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து எல்லாம் நார்மல் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தேரடி நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது, வலியில் கால் மடங்கி நடைமேடையில் உட்கார்ந்துவிட்டேன். தாளில் இருப்பது உண்மை என்றால் நான் பொய். அப்படித்தான் அன்று நினைத்தேன்.

இன்னொரு இடத்தில், குழந்தைதான் இல்லையே, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார்கள். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. (தேவையில்லாமல் கர்ப்பப்பையை அகற்றுவதைத் தடுக்க மத்திய சுகாதாரத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது 2022-இல்தான். மாநிலங்கள் அதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் உத்தரவிட்டது. எத்தனை பெண்களுக்கு அது தாமதமாக வந்த நீதி என்று நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.)

2011-இல், முப்பத்து நான்கு வயதில், ஒரு மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "வலி வரும்போது எப்படிம்மா படுப்பீங்க?" நான் நாற்காலியிலேயே காலை மடக்கிக் காட்டினேன். "மலம் கழிக்கும்போது வலிக்குதா? வீட்டுக்காரரோட இருக்கும்போது?" பத்தொன்பது வருடத்தில் இந்தக் கேள்விகளை யாரும் கேட்டதில்லை. பதில் சொல்ல முடியாமல் அழுதேன். அவர் அவசரப்படுத்தவில்லை. வெளியே டோக்கன் வைத்துக்கொண்டு முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

எண்டோமெட்ரியோசிஸ் என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். கர்ப்பப்பையின் உட்சுவரில் மாதாமாதம் வளர்ந்து உதிரும் படலத்தைப் போன்ற திசு, கர்ப்பப்பைக்கு வெளியே, சினைப்பையிலும் குழாயிலும் வயிற்றின் உள்ளுறையிலும் சில பேருக்குக் குடலிலும் மூத்திரப்பையிலும் வளர்கிறது. அங்கே அழற்சியை உண்டாக்குகிறது. தழும்பு கட்டி, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கினால் அதற்குச் சாக்லேட் கட்டி என்று பெயர். மேலோட்டமாகப் படர்ந்திருப்பது ஸ்கேனில் தெரியாமலே போகலாம். ஆக, நார்மல் என்ற தாளும் பொய்யில்லை, நானும் பொய்யில்லை. பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு, உலகெங்கும் சுமார் 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்துப் பேரில் ஒருத்தி. என் வகுப்பில் நாற்பத்தைந்து பெண்கள் இருக்கிறார்கள்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் அந்த மருத்துவர் என் ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். கர்ப்பப்பை, அதன் பின்னால் ஒட்டிக்கொண்ட சினைப்பை, அதோடு சேர்த்து இழுக்கப்பட்ட குடல். அதனால் குடல் அறுவை மருத்துவரும் கூட இருப்பார் என்றார். எனக்கு அப்பர் நினைவு வந்தது. கண்ணில் படாமல் வயிற்றுக்குள் இருந்து குடலைச் சேர்த்துப் பிடித்து ஆளைச் சுருட்டிப் போடுகிற வலி என்றுதானே அந்தப் பதிகம் முறையிடுகிறது. அவருக்கு வந்தது என்ன நோய் என்று ஆராய நான் யார். ஆனால் வலியை அவர் இடம் சுட்டிச் சொன்னார், வெட்கப்படாமல் சொன்னார், ஆண்டவனிடமே சொன்னார். அந்த உரிமை எனக்கும் உண்டு என்று அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் தோன்றியது.

இனி என்னை வெகுநாள் உறங்கவிடாத கேள்விக்கு வருகிறேன்.

பெரியபுராணத்தில் அந்தச் சூலையைக் கொடுத்தவன் சிவன். திலகவதியாரின் கனவில் வந்து, உன் தம்பியைச் சூலை தந்து ஆட்கொள்வோம் என்று அவனே சொல்கிறான். அம்மா இதைத்தான் பிடித்துக்கொண்டார். "உன்ன ஆட்கொள்ளத்தாண்டி இது" என்பார். மாமியார் வீட்டில் விளக்கம் வேறு. நாக தோஷம், போன பிறவியில் எந்தத் தாய் வயிற்றை எரித்தாளோ என்றார்கள். ஒன்று அருள், மற்றது வினை. கேட்க எதிரெதிராக இருந்தாலும் இரண்டின் முடிவும் ஒன்றுதான்: நான் படுத்துக் கிடக்க வேண்டும், யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

மருத்துவத்திடம் ஏன் எனக்கு என்று கேட்டால் அதுவும் முழுப் பதில் தருவதில்லை. மாதவிடாய் ரத்தத்தில் கொஞ்சம் குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போவதால் வருகிறது என்று 1920-களில் சாம்ப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் சொன்னார். ஆனால் அப்படிப் பின்னோக்கிப் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது. நோய் சிலருக்குத்தான் வருகிறது. அந்தச் சிலரில் நான் ஏன் என்ற இடத்தில் ஒரு வெற்றிடம். அந்த வெற்றிடத்தில்தான் பாவமும் தோஷமும் பாய் விரித்துப் படுத்துக்கொள்கின்றன.

ஒருநாள் எட்டாம் வகுப்பில் மூவிடப் பெயர் நடத்திக்கொண்டிருந்தேன். நான் என்பது தன்மை, நீ என்பது முன்னிலை, அவள் என்பது படர்க்கை. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அப்பர் தாம் செய்த கொடுமைகளைப் பற்றிப் பேசுகிறாரே, அது தன்மையில் சொன்ன சொல். தன் வலியைத் தானே சுமந்து, இறைவா, இதில் உன் கை இருக்கிறது என்று அவரே கண்டுகொண்டு, அவரே சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அதே வாக்கியத்தை முன்னிலையில் மாற்றி, நீ செய்த வினை என்று பாயில் கிடக்கிறவளைப் பார்த்துச் சொன்னால் அது தத்துவம் ஆகாது, அடி. படர்க்கையில், அவள் செய்த வினை என்று திண்ணையில் உட்கார்ந்து பேசினால் அது புறங்கூறல். சொல் ஒன்றுதான். இடம் மாறினால் பொருள் நஞ்சாகிவிடுகிறது.

திலகவதியாரைப் பாருங்கள். சூலையைத் தந்தவன் யார் என்று அந்த அம்மாவுக்குக் கனவிலேயே தெரியும். இருந்தும் காலில் விழுந்து கிடக்கும் தம்பியிடம், அப்போதே சொன்னேனே என்று அவர் கணக்குத் தீர்க்கவில்லை. எழுந்திரு என்றார், திருநீறு கொடுத்தார், கோயிலுக்குக் கூட்டிப்போனார். காரணம் தெரிந்தவரே காரணத்தைப் பேசவில்லை. தெரியாத நாம் எவ்வளவு பேசுகிறோம்.

எங்கள் ஊருக்கு அடிக்கடி வந்துபோன வள்ளலார் இதை இன்னும் கறாராகக் கேட்டிருக்கிறார். 1858-க்கு முன், சென்னை ஏழுகிணற்றுப் பக்கம் வீராசாமிப் பிள்ளைத் தெருவில் குடியிருந்த காலத்தில், அங்கிருந்து ஒற்றியூருக்கு நடந்தே வருவாராம். எங்கள் வடிவுடையம்மன் மீது மாலை பாடியவர். பிற்காலத்தில் எழுதிய ஜீவகாருண்ய ஒழுக்கத்தில், பசித்தவர்கள் தம் வினையை அனுபவிக்கிறார்கள், அவர்களுக்குச் சோறு போடுவது கடவுள் ஆணைக்கு விரோதம் ஆகாதா என்ற வாதத்தை எடுத்துவைத்துப் பதில் சொல்கிறார். அரசன் பெருங்குற்றம் செய்தவர்களை விலங்கிட்டுச் சிறையில் வைத்தாலும் தன் சேவகர்களைக்கொண்டு அவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கத்தானே செய்கிறான் என்கிறார். வினை என்ற கொள்கையை அவர் தூக்கி எறியவில்லை. அதை வைத்துக்கொண்டு கையைக் கட்டிக்கொள்ளும் வழியை மட்டும் அடைத்துவிடுகிறார். அந்த நூலில் உயிர்களுக்கு வரும் துன்பங்களை அடுக்கும்போது பசியோடு பிணியையும் வைத்திருக்கிறார். கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்காய்ச்சல் வாட்டியபோது சம்பந்தர் பாடிய திருநீலகண்டப் பதிகத்திலும் இதே கோபம் இருக்கிறது. அந்த வினைக்கு இது பலன் என்று சொல்லிக்கொண்டு உய்யும் வழி தேடாமல் இருப்பது உமக்கு ஊனமில்லையா என்று அவர் தம் அடியார்களையே கேட்கிறார்.

தீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கலிய நாயனார் எங்கள் ஊர்க்காரர், எண்ணெய் வணிகர். திருவொற்றியூர்க் கோயிலில் விளக்கேற்றுவதையே தொண்டாகக் கொண்டவர். கைப்பொருள் எல்லாம் கரைந்து எண்ணெய் வாங்க வழியற்றுப் போனபோது, தம் கழுத்தை அரிந்து உதிரத்தை அகலில் ஊற்றத் துணிந்தார். இறைவன் கையைப் பிடித்துத் தடுத்தான். சிறு வயதில் இந்தக் கதையைக் கேட்டு அழுதிருக்கிறேன். பிறகு பின்கட்டில் கிடந்த நாட்களில் வேறு மாதிரி அழுதேன். கருவறை விளக்குக்கு எண்ணெயாகத் தகுந்த உதிரம் எப்படி என்னிடமிருந்து வந்தால் மட்டும் நடைக்கு வெளியே நிற்கிறது? பௌர்ணமிதோறும் காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் வடிவுடையம்மன், மாலையில் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூன்று தாயார்களையும் ஒரே நாளில் தரிசிப்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் பெரிய ஆசை. வலி தீர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்ட அந்த யாத்திரை, வலியின் நாளில் பௌர்ணமி விழுந்ததால் நான்கு முறை நின்றுபோனது. நோயாளி வரக்கூடாத வைத்தியர் வீடு போல.

எங்கள் கோயில் மூலவர் ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருக்கிறார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் களைந்து, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்திய மேனியோடு தரிசனம் தருவார். ஊரே வரிசையில் நிற்கும். அறுவை சிகிச்சை முடிந்த வருடம் அந்த வரிசையில் நானும் நின்றேன். என் மூன்று நாட்களை மறைத்தே வளர்ந்தவள், அவருடைய மூன்று நாட்களைப் பார்க்கப் போனேன். கிட்டே வந்ததும் எதையும் கேட்கத் தோன்றவில்லை. மறைத்திருந்ததைத் திறந்து காட்டுவதும், அதை மரியாதையோடு பார்ப்பதும் வழிபாடு என்றால், சீட்டின் பின்னால் அந்த மருத்துவர் போட்ட படத்தை வேறு எப்படிச் சொல்வது?

வடசென்னைக்கு ஆஸ்பத்திரி புதிதில்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரியை எங்கள் பாட்டி கடைசிவரை கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொன்னார். 1782-இல் பஞ்ச காலத்தில் பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம்தான் அதன் வேர். வள்ளலாருக்குப் பிடித்திருக்கும் பிறப்பு. ராயபுரத்தில் ராஜா சர் ராமசாமி முதலியார் பெயரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுந்த பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆர்.எஸ்.ஆர்.எம். என்றால் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை தெரியாத குடும்பம் இருக்காது. நானும் என் தம்பியும் அங்கே பிறந்தவர்கள். பிரசவத்தில் தாய் சாகக்கூடாது, பிள்ளை சாகக்கூடாது என்று அந்தக் காலத்தில் ஒரு கட்டடம் எழுப்பினார்களே, அது பெரிய அறம்.

ஆனால் அந்த அறம் எழுதப்பட்ட வரிசையிலேயே எங்கள் கர்ப்பப்பைகள் இன்னும் நிற்கின்றன. கோயில் மரத்தில் தொட்டில் கட்ட இடம் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு வார்டு இருக்கிறது. பிள்ளையைச் சுமக்காத, வலியை மட்டும் சுமக்கிற கர்ப்பப்பைக்கு எங்கே சீட்டு எழுதுவது? எண்டோமெட்ரியோசிஸ், கர்ப்பப்பைத் தசைக்குள்ளேயே வளரும் அடினோமயோசிஸ், நார்க்கட்டி என்று எத்தனையோ இருக்கின்றன. இவற்றுக்கென்று சிறப்புப் பிரிவு வேண்டும் என்று நான் கேட்பது ஆடம்பரத்துக்காக இல்லை. என் உடம்பில் மகளிர் மருத்துவரின் எல்லையும் குடல் மருத்துவரின் எல்லையும் ஒரே தழும்பில் ஒட்டியிருந்தன. மூத்திரப்பையில் இருப்பவளுக்குச் சிறுநீரகத் துறை வேண்டும். ஸ்கேனில் எதைத் தேடுவது என்று பழகிய கண் வேண்டும். வலிக்கென்று ஒரு மருத்துவர், மனசுக்கென்று ஒருவர். இவர்களை ஒரே கூரைக்குக் கீழே ஒரே கோப்பின் முன் உட்காரவைத்தால், ஒருத்தி தன் கதையை ஆறு வரிசையில் ஆறு தடவை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது. அறுவையோடு முடிகிற நோயும் இல்லை இது. எனக்கு 2016-இல் திரும்பி வந்தது. இப்போது தினமும் ஒரு ஹார்மோன் மாத்திரையில் அடங்கியிருக்கிறது. வருடக்கணக்கில் என்னை நினைவு வைத்திருக்கும் ஓர் இடம் எனக்குத் தேவை.

போன மாதம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் பெஞ்சுக்குக் கீழே சுருண்டு படுத்திருந்தாள். காலை மடக்கி, முட்டியை வயிற்றில் அழுத்தி. அந்தப் படுக்கையை எனக்குத் தெரியும். "எல்லா மாசமும் இப்படித்தான் மிஸ். அம்மா நார்மல்னு சொல்றாங்க." மாதத்தில் மூன்று நாள் அவள் பெயருக்கு நேரே ஆப்சென்ட் என்று நானே எழுதியிருக்கிறேன். கையெழுத்து என்னுடையது. அதைப் பார்க்கவே கூசியது.

மருள்நீக்கியார் கதையில் எனக்கு இப்போது மிகவும் வேண்டியவர் அந்தச் சமையல்காரர்தான். மந்திரமும் தெரியாது, மருந்தும் தெரியாது. வலி உள்ள இடத்திலிருந்து, அதைக் கேட்க வேண்டியவர் இருக்கும் இடத்துக்குச் செய்தியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

சாயங்காலம் அந்தப் பெண்ணின் குப்பத்துக்குப் போனேன். அவள் அம்மா மீன் வியாபாரம். காலை மூன்று மணிக்குக் காசிமேட்டு ஏலத்துக்குப் போய்விட்டு, பகலெல்லாம் விற்று முடித்து, அன்னக்கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். "என்ன மிஸ், எதுனா வம்பு பண்ணிட்டாளா?" என்று முந்தானையில் கையைத் துடைத்தார். நான் எண்டோமெட்ரியோசிஸ் என்ற சொல்லையே எடுக்கவில்லை. அது அவளுக்கு இருக்கிறதா என்று சொல்ல நான் மருத்துவரும் இல்லை. பதினைந்து வயதில் நான் கிடந்த பாயைப் பற்றிச் சொன்னேன். தேரடி நடைமேடையைப் பற்றிச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுக்கொண்டிருந்தபோதே அவர் கை மெல்லத் தன் அடிவயிற்றுக்குப் போனதைப் பார்த்தேன்.

"எனக்கும் அப்படித்தான் மிஸ் இருந்துச்சு. இப்பவும் இருக்குது. எங்கம்மாவும் நார்மல்னுதான் சொல்லுச்சு."

உள்ளே பெண் பாடப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்ச நேரம் கூடையையே பார்த்தார். பிறகு கேட்டார்:

"நாளைக்கு ஏலத்துக்குப் போகல. எத்தினி மணிக்கு மிஸ் சீட்டு போடுவாங்க?"

"ஏழரைக்கு. நானும் வர்றேன். உங்களுக்கும் ஒரு சீட்டு போட்டுடலாம்."